தீவகத்தில் வாகனப் பராமரிப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே உள்ள தீவுகளில் கார், வான், ஓட்டோ வைத்திருப்போர் தாமே செய்துகொள்ளும் சோதனைகளும் சிறு திருத்தங்களும் இக்கட்டுரையின் பொருள். வேலணை, ஊர்காவற்துறைப் பகுதிகளைப் பண்ணைப் பாலம் நகரத்தோடு இணைக்கிறது. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குக் கடலுக்குள் போட்ட தாம்போதி போகிறது. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்குப் படகுதான் வழி. பெரிய கராச்சுகளும் உதிரிப்பாகக் கடைகளும் யாழ் நகரில் இருப்பதால், நடுவழியில் நின்றுபோன வாகனத்தை அடுத்த கராச்சு வரையாவது ஓட்டிச் செல்லும் அறிவு இங்கே சாரதிக்குத் தேவைப்படுகிறது.

மண்ணெண்ணெய்க் காலம்

வடபகுதிச் சாரதிகளுக்கு என்ஜினைப் பிரித்துப் பார்க்கும் துணிவைக் கொடுத்தது உள்நாட்டுப் போரின்போது 1990இல் அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து என்று நீண்ட பட்டியல் தடைசெய்யப்பட்டது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகம் இராணுவத்தின் கைக்கு மாறியபோது குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்த தீவு மக்களும் இந்தத் தடைக்குள்ளேதான் வாழ்ந்தார்கள். மண்ணெண்ணெய் மட்டும் ஓரளவு கிடைத்தது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அதில் ஓடின.

பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றோடு கலக்கும். மண்ணெண்ணெய்க்கு நல்ல சூடு வேண்டும். ஆகவே ஒரு சிறு போத்தலில் காத்து வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளி விட்டு என்ஜினைக் கிளப்பி, அது சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற ஐம்பதுகளின் பிரித்தானியக் கார்கள் இதற்குத் தோதாக அமைந்தன. அவற்றின் அமுக்க விகிதம் குறைவு. தரம் குறைந்த எரிபொருளையும் அதிகம் தட்டாமல் எரித்தன. பிரித்தானிய விவசாயிகள் தங்கள் ரக்ரர்களை முன்பே இதே முறையில் ஓட்டியிருந்தார்கள் என்பதால் தத்துவம் புதிதல்ல. புதிது, அதை உதிரிப்பாகம் கிடைக்காத ஊரில் ஆண்டுக்கணக்கில் செய்து காட்டியதுதான்.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி என்ஜின் ஒயிலை நீர்க்கச் செய்தது. பிளக்கில் கரி படிந்தது. அதனால் அடிக்கடி ஒயில் மாற்றுவதும், பிளக்கைக் கழற்றிச் சுரண்டி இடைவெளி பார்த்து மாட்டுவதும் கார் வைத்திருந்தவரின் வேலையாயின. ஒயில் கோலை உருவி, விரலில் தேய்த்து, முகர்ந்து பார்க்கும் பழக்கத்துக்கும் அந்தக் காலத்தில் பொருள் இருந்தது: மண்ணெண்ணெய் மணந்தால் ஒயில் கெட்டுவிட்டது என்று அறியலாம். 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை மீண்டும் திறந்த பின்னும் அந்தப் பழைய ஒஸ்ரின்கள் யாழ் நகரில் வாடகைக் கார்களாக நின்றன.

உப்பும் தண்ணீரும்

இன்றைய தீவகச் சாரதியின் முதல் எதிரி துரு. பாலத்திலும் தாம்போதியிலும் இருபுறமும் கடல். காற்று பலமாக வீசும் நாட்களில் உவர்த்துளி வாகனத்தின் அடிப்பாகம் வரை போய்ப் படிகிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் நாள் முழுவதும் நிறுத்தப்படும் வாகனங்களுக்கும் இதே கதிதான். உப்புக் கலந்த ஈரம் மின்னைக் கடத்துவதால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடுகிறது. கதவின் அடிவிளிம்பு, சில்லுக்கு மேலுள்ள வளைவு, புகைக்குழாய், பிரேக் குழாய், பற்றரியிலிருந்து உடலுக்குப் போகும் எர்த் வயர் ஆகியவை முதலில் போகும் இடங்கள். மேற்பூச்சைப் பளபளவென்று துடைத்துவிட்டு அடிப்பாகத்தைப் பார்க்காமல் விடுவதே பரவலாகக் காணும் தவறு.

அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும் என்று எந்தக் கையேடும் சொல்லும். தீவகத்தில் சிக்கலே நல்ல தண்ணீர்தான். பல கிணறுகள் சவர். குடிநீரே பவுசரில் வரும் இடங்கள் உண்டு. சவர்த் தண்ணீரால் கழுவுவது உப்பின் மேல் உப்பைப் பூசுவது போல. மாரியில் பிடித்து வைத்த மழைநீரைப் பயன்படுத்துவதோ, நகரத்துக்குப் போகும் நாளில் அங்கே கழுவுவித்துக்கொள்வதோ மேல். கழுவிய பின் கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. உள்ளே தேங்கும் நீரே கதவை அரிக்கும்.

ரேடியேற்றருக்கும் இதே கதை. சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் கொதிக்கும் கேத்தலில் வெண்படிவு விடுவதை எல்லா வீட்டிலும் காணலாம்; அதே படிவு ரேடியேற்றரின் நுண்குழாய்களையும் அடைக்கும். கூலன்ரோ வடிநீரோ ஊற்றுவதுதான் முறை. வேறு வழியில்லாமல் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருந்தால் விரைவில் வடித்துவிட்டு மாற்ற வேண்டும். சூட்டுமுள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஓரங்கட்டி, என்ஜினை ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

பற்றரி, பிரேக், சில்லு

பற்றரி முனைகளில் பூக்கும் வெள்ளை, பச்சை நிறப் பொடியை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, கிறீஸ் பூசலாம். கழற்றும்போது எதிர்முனையை முதலில் எடுத்து, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டினால் பொறி பறக்காது. நிறுத்தி வைத்திருக்கும் நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டாவிட்டால் பிழை பற்றரியில் அல்லாமல் ஒல்டநேற்றரில் இருக்கலாம். இதைச் சோதிக்காமல் புதுப் பற்றரி வாங்குபவர்கள் அதிகம்.

இறங்குதுறையில் ஒரு நாள் நின்ற கார் முதல் பிரேக்கில் உராயும் சத்தம் போடும். தட்டில் படிந்த மெல்லிய துரு அது. சில தடவை மெதுவாகப் பிரேக் பிடிக்கப் போய்விடும். தொடர்ந்து கீச்சிட்டால் பிரேக் பாட் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். அந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

சில்லு மாற்றும்போது வாகனத்தை ஜக்கால் தூக்கும் முன்னரே நட்டுகளை இளக்க வேண்டும். மணற்பாங்கான ஓரத்தில் ஜக்கின் கீழ் பனைப்பலகைத் துண்டொன்றை வைக்காவிட்டால் ஜக் புதைந்து வாகனம் சரியும். உப்பில் இறுகிய நட்டு தாம்போதி நடுவே அசையாது. ஆகவே வீட்டு முற்றத்தில் அவ்வப்போது ஒவ்வொன்றாக இளக்கி, துருவைத் தூரிகையால் தேய்த்து, மீண்டும் இறுக்கி வைப்பது வீண்வேலை அல்ல.

பாலமில்லாத தீவுகளில்

நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம் போல எடுக்கும். எரிபொருளும் படகில்தான் போக வேண்டும். கலனில் நாட்பட வைத்த டீசலில் ஈரம் சேரும் என்பதால் பில்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவது அங்கே ரக்ரர்க்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கைவேலை. பான் பெல்ட், பியூஸ், ரியூப் ஆகியவற்றில் ஒவ்வொன்றைக் கையிருப்பில் வைத்திருப்பவருக்குக் கடல் கொந்தளித்துப் படகு நின்ற நாளிலும் வேலை நிற்காது.

கற்றலும் எல்லையும்

கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. அது இத்துறையைத் தொழிலாகக் கொள்வோருக்கானது. சாதாரண சாரதிகள் கராச்சு வாசலில் நின்று பார்த்தே கற்கிறார்கள். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் எடுக்கவேண்டிய புகைப் பரிசோதனை, எயர் பில்டரையும் பிளக்கையும் திரும்பிப் பார்க்க ஒரு சாட்டாக இருக்கிறது.

2020இல் வந்த வாகன இறக்குமதித் தடை தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி வரை நீடித்ததால், இருந்த கார்களையே மக்கள் நெடுங்காலம் ஓட்டினார்கள். அவற்றில் ஜப்பானிய ஹைபிரிட் கார்கள் கணிசம். டொயோட்டா அக்குவா போன்றவற்றில் பின்னிருக்கையோரம் உள்ள காற்றுவழி தூசியால் அடைபடாமல் பார்த்துக்கொள்வது சாரதிக்கு எட்டும் வேலை. அது அடைபட்டால் ஹைபிரிட் பற்றரி சூடேறிக் கெடும். செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே கூடாது. அவற்றிலுள்ள மின்னழுத்தம் ஆளைக் கொல்லும். ஒஸ்ரின் காலத்துத் துணிவு அங்கே செல்லாது.