பழைய லினக்ஸ் கணினியில் கோப்பு ஏன் ஊர்ந்தது: ஒரு ஹப், முப்பது நொடி, ஒரு ஒலிப்பதிவு

விருத்தாசலம் பீங்கான் தொழில் பற்றி நான் சேர்த்து வரும் குறிப்புகளுக்கு நடுவே இது ஒரு கணினிக் கட்டுரை. ஏன் இங்கே எழுதுகிறேன் என்பது போகப் போகப் புரியும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். செராமிக் தொழிற்பேட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் சூளை பார்த்தவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் திண்ணையில் உட்கார வைத்து நாற்பது நிமிடம் பேச்சைப் பதிவு செய்தேன். பழைய லேப்டாப்பில் இருந்த அந்தக் கோப்பை 'கட்' செய்து பென் டிரைவில் 'பேஸ்ட்' செய்தேன். கோடு சரசரவென்று ஓடி, சில நொடியில் பெட்டி மறைந்தது. பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வேறொரு கணினியில் திறந்து பார்த்தால் கோப்பின் பெயர் இருக்கிறது, உள்ளே பேச்சு இல்லை. லேப்டாப்பிலும் இல்லை, அதைத்தான் 'கட்' செய்துவிட்டேனே! சரி, இன்னொரு நாள் பேச வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த மாதமே மாமா தவறிவிட்டார்.

பென் டிரைவ் கெட்டுப்போய்விட்டது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். போன மாதம்தான் உண்மை தெரிந்தது.

மிச்சமிருக்கும் பதிவுகள், ஸ்கேன் செய்த படங்கள் எல்லாம் சேர்த்து 38 ஜிபி. அதை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் பத்திரப்படுத்தலாம் என்று உட்கார்ந்தேன். முதல் 600 எம்பி கண்மூடித் திறப்பதற்குள் போனது. அப்புறம் அப்படியே நின்றது. பிறகு நொடிக்கு ஒரு எம்பி. கணக்குப் போட்டால் பத்தரை மணி நேரம்! ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறதோ என்று வயிற்றைக் கலக்கியது. ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டவன். எதையும் பிடுங்காமல், என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

லேப்டாப் 2009 வாக்கில் வந்தது. 4 ஜிபி ரேம். அதில் லினக்ஸ் ஏறிய கதை நம்மில் பலருக்கும் பொதுவானது. சென்னை சி-டாக் டெபியனை வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-ல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் மாணவர்கள் கைக்குப் போனது. 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அந்தச் சமயத்தில் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அரசுத் துறைகளுக்கே யோசனை சொல்லப்பட்டது. நானும் அப்போதுதான் எக்ஸ்பியை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். பழைய கணினிக்கு மறுவாழ்வு கொடுத்தது லினக்ஸ்தான். ஆனால் அந்தக் கணினியின் பழைய உறுப்புகள் பழையவையாகவேதான் இருக்கும்.

முதலில் வயரைப் பார்ப்போம்.

யுஎஸ்பி என்கிற செருகுமுனை 1996-ல் வந்தது. இன்டெலில் அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் பரோடாவில் படித்த அஜய் பட். அதுவரை மவுஸுக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று என்று ஆளுக்கொரு செருகுமுனை இருந்ததை ஒன்றாக்கினார்கள். 1998-ல் வந்த 1.1-ன் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். எட்டால் வகுத்தால் ஒன்றரை எம்பி, கைக்குக் கிடைப்பது சுமார் ஒரு எம்பி. 2000 ஏப்ரலில் வந்த 2.0 அதை 480 மெகாபிட் ஆக்கியது, நாற்பது மடங்கு. 2008 நவம்பரில் 3.0 வந்தது, 5 கிகாபிட். அதை முதலில் ஆதரித்த கெர்னல்களில் ஒன்று லினக்ஸ்தான். 2009 செப்டம்பரில் வந்த 2.6.31-ல் சாரா ஷார்ப் எழுதிய நிரல் அதற்கு வழி செய்தது.

இவை எல்லாமே பழையதோடு ஒத்துப்போகும்படி செய்யப்பட்டவை. நல்ல விஷயம்தான், ஆனால் வம்பும் அங்கேதான் இருக்கிறது. 2.0 கருவி ஒன்றைச் செருகினால் அது முதலில் 12 மெகாபிட் கருவியாகத்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். பிறகு இரண்டு பக்கமும் ஒரு சின்ன சைகை பரிமாறிக்கொண்டு 480-க்கு ஏறும். நடுவில் இருப்பது பழைய ஹப் என்றால் அந்தச் சைகைக்குப் பதில் வராது. கருவி 12-லேயே தங்கிவிடும். ஒரு பிழைச்செய்தியும் திரையில் வராது, வேலை நடக்கும், ஊர்ந்துகொண்டே நடக்கும்.

லினக்ஸில் இதைப் பார்க்க 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையை மர வடிவில் காட்டச் சொன்னால் போதும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் 12, 480, 5000 என்று வேகம் இருக்கும். என் ஹார்ட் டிஸ்க் தொங்கிக்கொண்டிருந்த கிளையில் 12! கெர்னலின் நாட்குறிப்பான 'டிமெசேஜ்' பக்கம் போனால், இந்தக் கருவி முழு வேகத்தில் ஓடவில்லை, வேகமான ஹப்பில் செருகு என்று அது எப்போதோ சொல்லி வைத்திருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

லேப்டாப்பில் இரண்டு துளைகள் ஆட்டம் கண்டதால் அலமாரியில் கிடந்த ஒரு பழைய ஹப்பைப் பல வருடமாக மாட்டி வைத்திருந்தேன். எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வந்தது.

சரி, ஹப்தான் குற்றவாளி. அப்படியென்றால் முதல் 600 எம்பி மட்டும் எப்படிப் பறந்தது?

இதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும். யூனிக்ஸ் காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. எழுதச் சொன்னதை உடனே டிஸ்க்கில் எழுதுவதில்லை, ரேமில் வைத்துக்கொண்டு பிறகு மொத்தமாக எழுதுவது. டிஸ்க் மெதுவானது, ரேம் வேகமானது, அதனால். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் 'அப்டேட்' என்று ஒரு குட்டி நிரல் இருந்தது. முப்பது நொடிக்கு ஒருமுறை 'சிங்க்' என்று கூவி, கையில் இருப்பதை எல்லாம் டிஸ்க்கில் இறக்கச் செய்வதுதான் அதன் ஒரே வேலை. இன்றைய லினக்ஸிலும், எழுதப்படாத தரவு ரேமில் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதற்கான இயல்பு அளவு அதே முப்பது நொடிதான்.

இப்படிக் காத்திருக்கும் தரவை கெர்னல் 'டர்ட்டி' என்கிறது, அழுக்குத் துணி துவைக்கக் காத்திருப்பது மாதிரி. அந்த மூட்டை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கும் வரம்பு உண்டு: பயன்படுத்தக் கிடைக்கும் ரேமில் 20 சதவீதம். அதைத் தாண்டினால், எழுதிக்கொண்டிருக்கும் நிரலை கெர்னல் நிறுத்தி வைக்கும். என் 4 ஜிபியில் மற்றதெல்லாம் போக மிச்சம் மூன்று ஜிபி என்று வைத்தால், இருபது சதவீதம் என்பது 600 எம்பி. முதல் 600 எம்பி பறந்தது ஹார்ட் டிஸ்க்குக்கு அல்ல, ரேமுக்கு!

2013-ல் கெர்னல் எழுதுபவர்கள் மத்தியிலேயே இது பெரிய விவாதமானது. பென் டிரைவில் எழுதும்போது மொத்தக் கணினியும் உறைந்துபோகிறது என்று புகார். இந்தச் சதவீதக் கணக்கே ரேம் 8 முதல் 64 மெகாபைட் வரை இருந்த காலத்து யோசனை என்று லினஸ் டோர்வால்ட்ஸ் ஒத்துக்கொண்டார். அன்றைக்கு 20 சதவீதம் என்றால் சில எம்பி. டிஸ்க் சில நொடியில் விழுங்கிவிடும். ரேம் வளர்ந்தது, சதவீதம் அப்படியே நின்றது.

இதைப் படித்தபோதுதான் எனக்கு மாமாவின் பதிவு ஞாபகம் வந்தது. நாற்பது நிமிட ஸ்டீரியோ வேவ் கோப்பு, சுமார் 400 எம்பி. 600-க்குக் கீழே. அதாவது மொத்தக் கோப்பும் ரேமில் அடங்கிவிட்டது. அதனால்தான் கோடு சில நொடியில் ஓடி முடிந்தது. அன்றைக்கும் இதே ஹப். 400 எம்பி உண்மையில் பென் டிரைவைச் சேர ஏழு நிமிடமாவது ஆகியிருக்கும். நான் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. பென் டிரைவ் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மூன்றாவதாக ஒரு சின்ன விஷயமும் இருந்தது. ஹப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராகச் செருகியதும் பெரிய ஒலிக்கோப்புகள் நொடிக்கு 30 எம்பி வரை போயின. ஆனால் ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் வந்ததும் மறுபடி தள்ளாட்டம். ஹார்ட் டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தது. லினக்ஸில் அதில் நம்பி எழுத வழி கொடுத்தது 2007 பிப்ரவரியில் 1.0 கண்ட என்டிஎஃப்எஸ்-3ஜி. அது கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல். ஒவ்வொரு கோப்புக்கும் கெர்னலுக்கும் அதற்கும் இடையே போக்குவரத்து நடக்கும், பழைய பிராசசர் மூச்சு வாங்கும். கெர்னலுக்குள்ளேயே முழுமையாக எழுதும் நிரல் 2021-ல் 5.15-ல்தான் வந்தது, என்னுடையது அதைவிடப் பழசு. படங்களை எல்லாம் 'டார்' கட்டளையால் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினேன். சரியாகிவிட்டது. பத்தரை மணி நேர வேலை அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட முடிந்தது.

கணினி பழசு, அதனால் மெதுவு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பார்த்தால் அப்படி இல்லை. 1998-ன் வேகம், 1979-ன் முப்பது நொடி, மெகாபைட் காலத்துச் சதவீதம், 2007-ன் நிரல், எல்லாம் ஒரே மேஜையில் கூடியிருந்தன. எது எந்த வருடத்துது என்று பிரித்துப் பார்த்தால் பாதி வியாதி தீர்ந்துவிடும்.

மாமா சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. "அடுப்ப நிறுத்துனா வேல முடிஞ்சிதுன்னு நெனைக்காத மாப்ளே. அப்பதான் பாதி. அவசரப்பட்டு சூளயத் தெறந்த, டப்பு டப்புன்னு எல்லாம் வுட்டுப்பூடும்." காரணம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆறும்போது 573 டிகிரியில் குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறிச் சட்டென்று சுருங்கும். அந்த இடத்தில் குளிர்காற்று பட்டால் பீங்கானில் விரிசல் விழும்.

இதைச் சொன்ன பதிவைத்தான் அவசரப்பட்டுத் திறந்து கெடுத்தேன்.

இப்போதெல்லாம் 'கட்' செய்வதில்லை, 'காப்பி' மட்டும்தான். முடிந்ததும் டெர்மினலில் 'சிங்க்' என்று தட்டுவேன். அது திரும்பி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு 'பாதுகாப்பாக அகற்று'. சேர்ந்த கோப்பை ஒருமுறை திறந்து கேட்ட பிறகுதான் பழையதை அழிப்பது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் குரல் ஏதாவது பதிவாகி இருந்தால், இன்றைக்கே இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.