அப்பத்தா பார்த்த இமை



எங்கள் அப்பத்தா ஆட்டின் கீழிமையை விலக்கிப் பார்ப்பார். "வெளுத்துப்போச்சு, தாங்காதுடா" என்பார். என் கருப்பி, தாடை வீங்கி மூன்றாம் நாள் செத்தது. ரத்தம் உறிஞ்சும் ஹீமோன்கஸ் குடற்புழு பற்றி எங்களுக்கு என்ன தெரியும்?

1939-லேயே ஆஸ்திரேலியாவின் மெக்மாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் கார்டனும் விட்லாக்கும் ஆட்டுப் புழுக்கையில் புழு முட்டைகளை எண்ணும் முறையைச் சொல்லிவிட்டார்கள். 1961-ல் தயாபெண்டசோல் வந்தது. எண்ணுவானேன், எல்லா ஆட்டுக்கும் ஊற்று என்றாகிவிட்டது! புழுக்கள் மருந்துக்குப் பழகிக்கொண்டன.

பிறகுதான் தென்னாப்பிரிக்காவில் ஃபாஃபா மாலன் பெயரால் 'ஃபமாச்சா' வண்ண அட்டை வந்தது. இமைச் சிவப்பை 1 முதல் 5 வரை ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. அப்பத்தா பார்த்த அதே இமை! அவரிடம் மருந்துதான் இல்லை.

ஆடு வளர்க்கும் பிள்ளைகளே, ஐப்பசி மழை முடிந்ததும் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் காட்டிவிட்டு மருந்து ஊற்றுங்கள்.