சத்தியலோகம்

சத்தியலோகம் என்பது இந்து அண்டவியலில் 14 உலகங்களுக்கும் உச்சியில் வைக்கப்பட்டுள்ள உலகம். நான்முகன் வீற்றிருக்கும் இடமாதலால் பிரம்மலோகம் என்றும் பெயர் பெற்றது. பூலோகம், புவர்லோகம், சுவர்லோகம், மகர்லோகம், ஜனலோகம், தபோலோகம் ஆகிய ஆறையும் கடந்து ஏழாவதாக இது அமைகிறது. கீழே அதலம் முதல் பாதாளம் வரை வேறு ஏழு உலகங்கள் உள்ளன. பேச்சுவழக்கில் சொர்க்கம் என்று சொல்லப்படுவது இந்திரன் ஆளும் சுவர்லோகம். மேலடுக்கில் அது மூன்றாவதுதான். புண்ணியம் தீர்ந்தவர் அங்கிருந்து மண்ணுக்கு இறங்கியாக வேண்டும். சத்தியலோகத்தை அடைந்தவரும் திரும்ப வேண்டியிருக்குமா? இந்த உலகத்தைப் பற்றிய சிந்தனை அந்தக் கேள்வியைச் சுற்றியே வளர்ந்தது.

பெயரும் தோற்றமும்

வேத சங்கிதைகளின் அண்டம் மண், இடைவெளி, வான் என மூன்று நிலைகளால் ஆனது. இவற்றுக்கு இணையாக வேள்வியில் பூ, புவ, சுவ என்னும் மூன்று வியாகிருதிகள், அதாவது மந்திர ஒலிகள், ஓதப்பட்டன. தைத்திரீய உபநிடதம் மஹ என்பதை நான்காவதாகச் சேர்த்து, அதை அறிவித்தவர் மாகாசமஸ்யர் என்கிறது. தைத்திரீய ஆரண்யகத்தின் 10-ஆம் பகுதியில் ஜன, தப, சத்யம் ஆகியவையும் சேர்ந்து வியாகிருதிகள் ஏழாயின. புராணங்கள் இந்த ஏழு ஒலிகளின் பெயரிலேயே ஏழு மேலுலகங்களை வகுத்தன. வாய்மையைக் குறிக்கும் சொல் உச்சி உலகின் பெயரானது இவ்வாறுதான்.

உபநிடதங்களில்

பிருகதாரண்யக உபநிடதத்தில் கார்கி யாக்ஞவல்கியரை மடக்கி மடக்கிக் கேட்கிறாள். நீர் எதில் ஊடும் பாவுமாக நெய்யப்பட்டிருக்கிறது என்று தொடங்கி, கந்தர்வர், சூரியன், சந்திரன், விண்மீன்கள், தேவர், இந்திரன், பிரஜாபதி ஆகியோரின் உலகங்கள் வழியாகக் கேள்வி பிரம்மலோகத்தைத் தொடுகிறது. அதற்கு அப்பால் கேட்காதே என்று முனிவர் தடுத்துவிடுகிறார்.

கௌஷீதகி உபநிடதம் இந்த உலகத்துக்கு ஒரு நிலப்படமே தருகிறது. ஆரம் என்ற ஏரி, விஜரா என்ற ஆறு, அபராஜிதம் என்ற மாளிகை எல்லாம் அங்கே உண்டு. விஜரா என்றால் மூப்பற்றது. அதை மனத்தாலேயே கடக்கும் ஆன்மா நல்வினை, தீவினை இரண்டையும் அங்கே உதறிவிடுகிறது. மஞ்சத்தில் அமர்ந்திருக்கும் பிரம்மா ‘நீ யார்?’ என்று கேட்கிறார். உன்னில் வேறல்லேன் என்று உணர்ந்து விடை சொல்பவனுக்கே அங்கு இடம். சாந்தோக்கிய உபநிடதமோ, பிரம்மலோகம் சென்றவர் திரும்புவதில்லை என்று சொல்லி நிறைவடைகிறது.

இதிகாச புராணங்களில்

மகாபாரதத்தின் சபா பருவத்தில் நாரதர் பிரம்மாவின் அவையைத் தூண்களின்றி நிற்பதாகவும், தன்னொளியால் விளங்குவதாகவும் வருணிக்கிறார். விஷ்ணு புராணம் தொலைவுகளை வகுக்கிறது. துருவ மண்டலத்துக்கு மேல் 1 கோடி யோசனையில் மகர்லோகம், 2 கோடியில் ஜனலோகம், 8 கோடியில் தபோலோகம். அதன் ஆறு மடங்கு உயரத்தில் மறுசாவு இல்லாத சத்தியலோகம்.

அங்கே காலமும் வேறு. தன் மகள் ரேவதிக்கு மணமகன் யார் என்று கேட்கப் பிரம்மலோகம் சென்ற ககுத்மி மன்னன், கந்தர்வர்களின் பாட்டு முடியட்டும் என்று சற்றே காத்திருந்தான். அதற்குள் பூமியில் 27 சதுர்யுகங்கள் கழிந்திருந்ததாகப் பாகவதம் கூறுகிறது. அவன் மனத்தில் வைத்திருந்த வரன்களின் பெயர்கூட மண்ணில் மிஞ்சவில்லை. ரேவதி பலராமனை மணந்தாள்.

பிரம்மாவின் பகல் ஒன்று 432 கோடி ஆண்டுகள். அது முடியும்போது கீழ் மூன்று உலகங்களும் எரிகின்றன. வெம்மை தாங்காமல் மகர்லோகத்தார் ஜனலோகத்துக்கு ஏறுகின்றனர். சத்தியலோகம் நிலைத்திருக்கிறது. ஆனால் பிரம்மாவின் ஆயுளான 100 ஆண்டுகள், அதாவது நம் கணக்கில் 311.04 லட்சம் கோடி ஆண்டுகள், முடிந்ததும் அதுவும் ஒடுங்கும். பிரம்மலோகம் வரையுள்ள எல்லா உலகங்களும் மறுபிறப்புக்கு உட்பட்டவையே என்று கீதையின் 8-ஆம் அத்தியாயமும் சொல்கிறது.

வேதாந்த விவாதம்

உபநிடதம் ‘திரும்புவதில்லை’ என்க, கீதை ‘திரும்புவர்’ என்கிறது. பிரம்ம சூத்திரத்தின் 4-ஆம் அத்தியாயம் இதை எடுத்து ஆராய்கிறது. இறந்தபின் ஆன்மா செல்லும் தேவயான வழி படைக்கப்பட்ட பிரம்மனிடம் செல்கிறது என்பது பாதரியின் கருத்து. பரம்பொருளிடமே செல்கிறது என்பது ஜைமினியின் கருத்து. சங்கரர் பாதரியை ஏற்றார். அங்கே ஞானம் பெற்றவர், அவ்வுலகம் ஒடுங்கும்போது பிரம்மாவோடு வீடுபெறுவர் என்ற ‘கிரமமுக்தி’ கொள்கை இதிலிருந்து விளைந்தது. இராமானுசரோ அந்த வழி பரம்பொருளையே சேர்கிறது என்றார்.

உச்சிக்கு அப்பால்

அழியக்கூடிய உலகம் இறுதி இலக்காக முடியாது என்பதால், சமயங்கள் அதற்கும் மேலே சென்றன. இராமானுசரின் வைகுண்ட கத்யம் 14 உலக அண்டத்தையும், ஒன்றைவிட ஒன்று பத்து மடங்கான ஏழு உறைகளையும் கடந்த பரமபதத்தைப் பாடுகிறது. 108 திவ்விய தேசங்களுள் மண்ணில் காண முடியாத இரண்டில் ஒன்று அது. வைகுண்ட ஏகாதசியன்று திருவரங்கத்தில் திறக்கப்படும் பரமபத வாசல் அதன் அடையாளம். சைவ சித்தாந்தம் 224 புவனங்களை எண்ணுகிறது. அவற்றுள் பிரம்மலோகம் கீழ்த்தளமான பிருதிவி தத்துவத்துக்குள் அடங்கிவிடுகிறது.

ஆயினும் சத்தியம் என்ற சொல் தன் பழைய இடத்தை இழக்கவில்லை. சந்தியாவந்தனத்தின் பிராணாயாமத்தில் ஏழு வியாகிருதிகளும் இன்றும் ஓதப்படுகின்றன. கோடி யோசனைகளாக விரிந்த அடுக்கு அங்கே ஒரு மூச்சுக்குள் அடங்கி, சத்தியம் என்ற சொல்லில் உச்சியைத் தொடுகிறது.