எரிச்சல் என்றொரு குற்றம்

1935ஆம் ஆண்டு பிரிட்டனில் அஞ்சலகச் சட்டம் திருத்தப்பட்டது. தொலைபேசியில் ஆபாசமாகவோ, மிரட்டலாகவோ, மிகக் கடுமையாகப் புண்படுத்தும் வகையிலோ பேசுவது குற்றமானது. பொய்ச் செய்தி சொல்லி ஒருவருக்கு எரிச்சலும் இடைஞ்சலும் உண்டாக்குவதும் குற்றமானது. அன்றைய தொலைபேசி இணைப்பகங்களில் பகல் வேலையில் பெரும்பாலும் பெண்களே இருந்தார்கள். முகம் தெரியாத ஆண்களின் வசவுகளைக் கேட்டுக்கொண்டே வேலை பார்த்த அந்தப் பெண்களுக்கான பாதுகாப்பு என்றே அந்தத் திருத்தம் நினைவுகூரப்படுகிறது.

ஏறக்குறைய அதே சொற்கள் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்குள் வந்தன. 2008 டிசம்பரில் மக்களவையில் விவாதம் ஏதுமின்றி நிறைவேறிய திருத்தம் 66ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2009 அக்டோபர் 27 அன்று அது நடைமுறைக்கு வந்தது. கணினி அல்லது செல்போன் வழியே புண்படுத்தும் செய்தியையோ எரிச்சலூட்டும் செய்தியையோ அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை. எது எரிச்சல், யாருடைய எரிச்சல் என்று சட்டம் சொல்லவில்லை.

2012 அக்டோபரில் அந்தப் பிரிவின் இரண்டு முகங்களையும் பார்த்தோம். சென்னையில் திரைப்படப் பாடகி ஒருவர், ட்விட்டரில் தன்மீது வீசப்பட்ட இழிசொற்கள் குறித்துப் புகார் கொடுத்தார். கைதானவர்கள் மீது பாய்ந்த பிரிவுகளில் 66ஏ-யும் ஒன்று. அதே மாதக் கடைசியில் புதுச்சேரியில், மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியவரும் அதே பிரிவில் கைதானார். பெண்ணின் மானத்துக்கும் அமைச்சர் மகனின் மதிப்புக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி.

அடுத்த மாதம் அந்தச் சட்டம் பெண்கள் மீதே திரும்பியது. பால் தாக்கரே மறைந்து மும்பை கடையடைத்துக் கிடந்தபோது, பால்கரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் அந்தக் கடையடைப்பைக் கேள்வி கேட்டு ஃபேஸ்புக்கில் எழுதினார். தோழி ஒருவர் அதற்கு ‘லைக்’ போட்டார். இருவரும் கைதானார்கள். எழுதியவருடைய மாமாவின் மருத்துவமனை அடித்து நொறுக்கப்பட்டது. பேசுகிற பெண்ணை ‘வாயாடி’ என்றும் எதிர்த்துக் கேட்பவளை ‘அடங்காப்பிடாரி’ என்றும் சொல்லும் சமூகத்தில், எரிச்சலை அளக்கும் கோல் யார் கையில் இருக்கும் என்பதை அந்தக் கைதுகள் காட்டின.

அந்தச் செய்தியைப் படித்த ஷ்ரேயா சிங்கல் என்ற இளம்பெண் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் 66ஏ-வை முழுவதுமாக ரத்து செய்தார்கள். ஒரு கருத்தை விவாதிப்பதும் அதற்காக வாதாடுவதும் எவ்வளவு பிடிக்காததாக இருந்தாலும் உரிமையே. அது வன்முறைக்கோ குற்றத்துக்கோ தூண்டும்போதுதான் அரசு குறுக்கிடலாம் என்றது தீர்ப்பு.

செத்த சட்டம் காவல் நிலையங்களில் சாகவில்லை. ஆறாண்டு கழித்து, 11 மாநிலங்களில் 745 வழக்குகள் இன்னும் நிலுவையில் இருப்பதாக மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டது. இனி யார்மீதும் இந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

அதன் ஆவியும் அடங்கவில்லை. 2020 நவம்பரில் கேரள அரசு காவல் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. இணையத்தில் பெண்கள்மீது நடக்கும் தாக்குதலைத் தடுக்கவே இது என்றது. ஆனால் இழிவுபடுத்துவது, அவதூறு செய்வது என்று விரிந்த அதன் வாசகம், பத்திரிகைச் செய்தியையும் அரசியல் விமர்சனத்தையும் சேர்த்தே பிடிக்கக்கூடியதாக இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், ஆளுநர் கையெழுத்திட்ட இரண்டே நாளில், அதை அமல்படுத்தப் போவதில்லை என்று முதலமைச்சர் அறிவித்தார்.

அப்படியானால் வசவையும் மிரட்டலையும் அன்றாடம் வாங்கும் பெண்ணுக்கு என்ன வழி? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அதற்கான விடையின் ஒரு பகுதி அதே 2008 திருத்தத்திலேயே இருக்கிறது. 66ஏ-வோடு பிறந்த 66இ, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம்பிடிப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்கியது. அது இன்றும் நிற்கிறது. 2013இல், ஒரு பெண்ணைப் பின்தொடர்வதும் அவளுடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் குற்றமாயின. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. இந்தப் பிரிவுகள் ஒருவர் செய்த செயலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. 66ஏ கேட்பவரின் மனநிலையைக் குற்றத்தின் அளவாக்கியது.

பெண்கள் பாதுகாப்பு என்ற பெயரில் அடுத்த மசோதா வரும்போது நாம் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: தடுக்கப்படும் செயல் எது, சம்மதம் என்ற சொல் அதில் இருக்கிறதா? ‘எரிச்சல்’ என்றோ ‘இழிவு’ என்றோ மட்டும் இருந்தால், அது பால்கரின் தோழிகளுக்காக எழுதப்பட்ட சட்டமல்ல. அவர்கள்மீது எழுதப்படும் சட்டம்.