பூட்டும் அச்சும் நமது மணற்கரையும்



கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீண்டு செல்லும் நமது கரையோரம் ஓர் ஒடுங்கிய நிலப்பட்டி. கிழக்கே கடல்மணல், மேற்கே நெல் விளையும் வட்டைகள். நடுவே ஓடும் தார்வீதியை விட்டு எந்தப் பக்கம் இறங்கினாலும் சில்லைப் பற்றி இழுக்கும் நிலமே காத்திருக்கும். ஒரு பக்கம் மணல், மறு பக்கம் சுரி. இத்தகைய நாட்டில் வண்டி ஓட்டியவர்களின் வரலாற்றிற் பாதி, புதைந்த வண்டியை மீட்ட வரலாறுதான். அதில் ஒரு சிறு பொறிக்கும் பங்குண்டு. சாரதிமார் அதனை ‘டிப் லொக்’ என்பர். அதன் கதையையே இன்று சொல்ல முற்படுகின்றேன்.

முதலில் மாட்டுவண்டியைப் பாருங்கள். அதன் அச்சு சுழல்வதில்லை. இரண்டு சில்லுகளும் கடையாணியின் காவலில், அச்சின் இரு முனைகளிலும் தம் விருப்பப்படி உருளுகின்றன. வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சில்லு விரைந்தும் உட்புறச் சில்லு மெதுவாகவும் ஓடும். ஒன்றை ஒன்று கேட்பதில்லை. இழுப்பது மாடு, சில்லு சுமப்பதோடு சரி. ஆகவே நம் முன்னோருக்கு இன்று நாம் பேசப்போகும் சிக்கல் தோன்றவேயில்லை.

சில்லே வண்டியைத் தள்ள வேண்டும் என்ற நிலை நீராவி வண்டியோடு வந்தது. அப்போது இரண்டு சில்லுகளையும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தினால் என்னவாகும்? பள்ளிக்கூடக் கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். சில்லுகளுக்கு இடையில் ஒன்றரை மீற்றர் அகலம் உள்ள வண்டி ஒரு சந்தியிற் செங்கோணமாகத் திரும்பினால், வெளிச்சில்லு உட்சில்லைவிட ஏறத்தாழ 2.4 மீற்றர் கூடுதலாக ஓட வேண்டும். வளைவு பெரிதாயினும் சிறிதாயினும் இந்த வேறுபாடு மாறாது. இறுகப் பொருத்திய சில்லுகள் இதற்கு இடங்கொடா. ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். இல்லையேல் அச்சு முறுகும்.

இதற்கு வழி கண்டவர் பிரான்சு நாட்டின் கடிகாரத் தொழிலாளர் ஒனேசிபோர் பெக்கியர். 1827ஆம் ஆண்டில், நீராவி வண்டியொன்றிற்காக, அச்சை இரண்டாக வெட்டி நடுவே பற்சில்லுகளைக் கோத்து, இரு பாதிகளும் வெவ்வேறு வேகத்திற் சுழலும் அமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்றார். அதுவே டிபரன்சியல். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1877இல், இங்கிலாந்தின் கொவென்றி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி அதே தத்துவத்தை மிதிவண்டிக்குக் கொண்டுவந்தார். தந்தையும் மகனும் அருகருகே இருந்து மிதித்த வண்டியில் மகனின் மிதி வலுத்துப் போனதால் வண்டி வீதியை விட்டு விலகியதாகவும், அந்த விழுக்காடே அவரைச் சிந்திக்க வைத்ததாகவும் கதை உண்டு. கதை எவ்வாறாயினும், பின்னர் வந்த மோட்டார் வண்டிகளிற் பெரும்பாலானவை இந்தப் பொறியைத் தம் வயிற்றிற் கொண்டே வந்தன.

நல்ல வீதிக்கு இது நல்ல பொறி. ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு. இயந்திரத்தின் விசையை இது தராசுபோல இரு பக்கமும் சமமாகவே பகிரும். ஒரு சில்லு சேற்றில் அகப்பட்டு வழுக்கினால், அதனைச் சுழற்றச் சிறு விசையே போதும். மறு சில்லு கட்டாந்தரையில் நின்றாலும் அந்தச் சிறு விசைக்கு மேல் அதற்குக் கிடைக்காது. சேற்றுச் சில்லு வெறுமனே சுழன்று குழி தோண்ட, தரைச் சில்லு அசையாது நிற்கும். வயலிற் புதைந்த உழவு இயந்திரத்தைப் பார்த்தவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள்.

நமது பகுதிக்கு இந்தத் தொல்லை பெருமளவில் வந்தது கல்லோயாத் திட்டத்தின் பின்னர் எனலாம். கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அமெரிக்காவின் மொறிசன் நுட்சன் கம்பனி அணை கட்டியது. நீர் வந்தது, வட்டைகள் விரிந்தன. எருமைகள் மிதித்துச் சேறாக்கிய வயலில் நாளடைவில் உழவு இயந்திரம் இறங்கிற்று. எருமைக்கு நான்கு கால். எந்தக் காலை எப்போது பிடுங்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். இயந்திரத்துக்கு அதனை மனிதன் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

இருவழியாற் சொல்லிக்கொடுத்தான். முதல் வழி பிறேக். உழவு இயந்திரத்தின் பின்சில்லுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மிதி உண்டு. வழுக்கிச் சுழலும் சில்லின் பிறேக்கை மட்டும் இலேசாக மிதித்தால் அதற்கு எதிர்ப்பு உண்டாகும். தராசின் மறுதட்டும் கனக்கும். தரைச் சில்லுக்கு விசை சென்று இயந்திரம் நகரும். இரண்டாம் வழி பூட்டு. மாசி பேர்குசன் 135 போன்ற இயந்திரங்களில் வலக்காற் குதியால் அழுத்தும் சிறு மிதியொன்று உண்டு. அதனை அழுத்தினால் டிபரன்சியலின் இரு பாதிகளும் பிணைந்து அச்சு மீண்டும் ஒற்றை அச்சாகிவிடும். ஒரு சில்லு வழுக்கினாலும் மற்றது தன் பிடிப்பு முழுவதையும் பயன்படுத்தும். பல்லும் பல்லும் மோதி உடையாதிருக்க, சில்லு சுழன்றுகொண்டிருக்கும்போது இதனை மிதிக்கலாகாது. நிறுத்தியோ, மிக மெதுவாகவோ மிதிக்க வேண்டும். காலை எடுத்ததும் பூட்டு விடுபடும். விடுபடாது இறுகி நின்றால் கிளச்சை மிதித்தாற் பெரும்பாலும் தளரும். தளர்ந்ததா என்று பாராமல் வரம்பு முனையிற் திரும்புகிறவனின் இயந்திரம் திரும்பாது. நேரே வாய்க்காலுக்குட் செல்லும்.

இங்கே நமது நாட்டவர் ஒருவரை நினைவுகூர்வது தகும். றே விஜேவர்தன (1924–2010) 1950களில் வடிவமைத்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை இங்கிலாந்தின் லாண்ட்மாஸ்டர் நிறுவனம் உற்பத்தி செய்து உலகெங்கும் விற்றது. எந்த நாட்டில் செய்ததாயினும் நம்மவர் வாயில் அவ்வகை இயந்திரம் எல்லாமே லாண்ட்மாஸ்டர்தான். இன்று வயல்களில் ஓடும் இரண்டு சில்லு இயந்திரங்களிற் பெரும்பாலானவற்றுக்கு டிபரன்சியலே கிடையாது. சில்லுகள் எப்போதும் பூட்டியபடியே சுழலும். திரும்ப வேண்டுமாயின் கைப்பிடியின் கீழுள்ள நெம்பை அழுத்தி ஒரு பக்கச் சில்லை விடுவிக்க வேண்டும். மற்ற வண்டிகளில் விடுதலை இயல்பு, பூட்டு விலக்கு. இங்கே பூட்டு இயல்பு, விடுதலை விலக்கு. சேற்றுக்கு இது மெத்தப் பொருந்தும். ஆயினும், அதனை வடிவமைத்த விஜேவர்தன அவர்களே பிற்காலத்தில் எருமையின் பக்கம் நின்று வாதாடினார் என்பது சுவையான செய்தி.

இனி ஜீப்புக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரிற் பெயர்பெற்ற ஜீப்பும், 1948இல் அம்ஸ்டர்டாமிற் காட்சிக்கு வந்த லாண்ட்றோவரும் நான்கு சில்லாலும் இழுக்க வல்லவை. லாண்ட்றோவரின் மஞ்சட் குமிழையும் சிவப்புத் தண்டையும் பழைய சாரதிமார் மறந்திரார். ஆனால் நான்கு சில்லும் இழுக்கும் என்பது பாதி உண்மை. முன்னச்சில் ஒரு டிபரன்சியலும் பின்னச்சில் ஒன்றும் பூட்டின்றி இருப்பதால், முன்னே ஒரு சில்லும் பின்னே ஒரு சில்லும் வழுக்கினாற் போதும், வண்டி நின்றுவிடும். 1948இல் உற்பத்தி தொடங்கிய ஜெர்மனியின் உனிமொக் இதனை உணர்ந்து ஈர் அச்சுக்கும் பூட்டு வைத்தது. உருளைக்கிழங்கு நிரைகளின் அகலத்துக்கு ஏற்பச் சில்லு அமைத்த வேளாண் வண்டி அது; கமக்காரனின் தேவையிற் பிறந்த அறிவு என்பதில் வியப்பில்லை. 1970இல் வந்த றேஞ்ச் றோவர் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே மூன்றாவது டிபரன்சியலை வைத்து, அதற்கு ஒரு பூட்டும் கொடுத்தது. இன்றைய வண்டிகள் பலவற்றில், வழுக்கும் சில்லை மின்னணுக் கருவி கண்டுபிடித்து அதற்கு மட்டும் பிறேக் போடுகிறது. வட்டையில் உழவன் ஒற்றை மிதியாற் செய்த வேலையேதான்.

இவற்றை நம் மாவட்டத்திற் சோதித்துப் பார்க்கத் தக்க இடம் பாணமைக்குத் தெற்கே ஒக்கந்தை வழியாகக் குமணைக்குச் செல்லும் மணற்பாதை. போர் காரணமாக 1985 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்த அந்த வனப் பூங்காவுக்குள் இன்று ஜீப்புகள் ஓடுகின்றன. மணலிற் பூட்டு இரண்டாவது மருந்து. முதல் மருந்து ரயரின் காற்றைக் குறைப்பது. ரயர் பரந்து மணலின் மேல் ஏறி நிற்கும். பூட்டை மணலில் இறங்குமுன் போட வேண்டும். அச்சு மணலிற் படிந்தபின் போட்டாற் பூட்டிய இரு சில்லும் சேர்ந்து இரட்டைக் குழி தோண்டும். முன்னச்சைப் பூட்டியபின் சுக்கான் கனத்துத் திரும்ப மறுக்கும் என்பதும் நினைவிருக்க வேண்டும்.

பூட்டு பிடிப்பை உண்டாக்குவதில்லை; நிலம் தரும் பிடிப்பை வீணாகாமல் எடுத்துக்கொடுக்கிறது. இதனை நான் அழுத்திச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. உழவு இயந்திரம் எங்கும் போகும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. வெள்ளக் காலத்தில் வீதி மூழ்கியதும், பஸ் நின்ற இடத்தில் ஆட்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறுகிறார்கள். 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி, காரைதீவு மாவடிப்பள்ளியில், மதரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. விடுமுறைக்கு வீடு திரும்ப எண்ணியிருந்த பிள்ளைகள் பலர் மீளவில்லை.

சேற்றில் வண்டியின் நிறை சில்லை நிலத்தோடு அழுத்தி நிற்கும். அதனாற்றான் பிடிப்பு, அதனாற்றான் பூட்டுக்கு வேலை. நீரில் அந்த நிறையே குறைந்துவிடும். ஒரு கனமீற்றர் நீரை விலக்கும் வண்டியின் நிறையில் 1000 கிலோகிராம் சில்லின் கணக்கிலிருந்து கழிந்துபோகும். வெறும் பெட்டி இயந்திரத்துக்கு முன்னரே மிதக்கத் தொடங்கும். மிதந்த பெட்டியை ஓட்டம் பக்கவாட்டில் தள்ள, அது இயந்திரத்தையும் இழுத்துச் செல்லும். வீதியின் விளிம்பு நீருக்கடியில் தெரியாது. தடியால் ஆழம் பார்ப்பதும், ஓட்டத்தின் வேகத்தைக் கணிப்பதும், ஐயமிருப்பின் ஆட்களைக் கரையில் இறக்கிவிட்டு இயந்திரத்தைத் திருப்புவதும் சாரதியின் முதல் வேலை. எந்த மிதியை எப்போது மிதிப்பது என்ற கேள்வி அதற்குப் பின்னர்தான் வரும்.