ஒரே வினவல் தளத்தை முடக்குமா? தரவுத்தள நினைவகமும் சேவை முடக்கமும்

தேர்வு முடிவு வரும் நாளிலோ, உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளிலோ இணையதளம் திறக்கவில்லை என்றால் 'கூட்டம் அதிகம், சர்வர் தாங்கவில்லை' என்கிறோம். பல நேரம் அது உண்மைதான். ஆனால் கூட்டமே இல்லாத ஒரு பகலில், யாரோ ஒருவர் தேடல் பொத்தானை நான்கைந்து முறை அழுத்தியதால் தளம் முழுவதும் விழுந்துவிடுவதும் உண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் தரவுத்தளத்தின் நினைவகம்.

'சேவை மறுப்புத் தாக்குதல்' என்றதும் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் மோதுவதுதான் நினைவுக்கு வரும். அது ஒரு வகை. குறைந்த செலவில் ஒரு கோரிக்கையை அனுப்பி, மறுமுனையில் பெரும் செலவை ஏற்படுத்துவது இன்னொரு வகை. ஏபிஐ பாதுகாப்பு ஆபத்துகள் பற்றி ஓவாஸ்ப் அமைப்பு 2023இல் வெளியிட்ட பட்டியலில், வரம்பில்லாத வள நுகர்வு நான்காவது இடத்தில் உள்ளது. இதற்குத் தீய நோக்கம்கூடத் தேவையில்லை. அவசரக்காரர் ஒருவர் போதும்.

பலரும் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். பெயர்களை அகர வரிசையில் அடுக்கவும், இரண்டு அட்டவணைகளைப் பொருத்திப் பார்க்கவும் அதற்கு ரேமில் இடம் வேண்டும். அந்த இடத்தின் அளவைச் சொல்வது 'வொர்க் மெம்' என்ற அமைப்பு. இயல்பாக அது 4 எம்பி. அதைத் தாண்டினால் மீதியை வட்டில் தற்காலிகக் கோப்பாக எழுதும்.

தவறான புரிதல் இங்கேதான் தொடங்குகிறது. இந்த 4 எம்பி முழு சர்வருக்கும் உரியதன்று. ஒரு வினவலுக்கு உரியதும் அன்று. வினவலுக்குள் நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் ஒவ்வொரு ஹேஷ் வேலைக்கும் தனித்தனியாக உரியது. 15ஆம் பதிப்பு முதல் ஹேஷ் வேலைகளுக்கு இதைப்போல் இரண்டு மடங்கு இயல்பாகவே கிடைக்கிறது. ஒரு வினவலைப் பல துணைச் செயல்கள் பகிர்ந்து செய்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பங்கு உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இயல்பான இணைப்பு வரம்பு 100. ஒவ்வோர் இணைப்பிலும் மூன்று வரிசைப்படுத்தல்கள் ஒரே நேரத்தில் நடந்தால் 1,200 எம்பி. யாரோ இணையத்தில் படித்த யோசனையை நம்பி, 'வேகம் கூடும்' என்று வொர்க் மெம்மை 64 எம்பி ஆக்கினால் அதே கணக்கு 19,200 எம்பி ஆகிறது. சர்வரில் இருப்பதோ 8 ஜிபி. சாதாரண நாட்களில் எல்லாம் நன்றாகவே ஓடும். அதனால்தான் இது பல மாதங்கள் கண்ணுக்குப் படுவதில்லை.

இந்த வரம்புக்குக் கட்டுப்படாதவையும் உள்ளன. ஆயிரக்கணக்கான வரிசைகளை ஒரே பட்டியலாகவோ ஒரே ஜேசனாகவோ திரட்டித் தரும் செயற்கூறுகள், திரட்டுவதையெல்லாம் ரேமிலேயே வைத்துக்கொள்கின்றன. 2020இல் வந்த 13ஆம் பதிப்புக்கு முன்னர், ஹேஷ் முறையில் குழுவாக்கும் வேலையும் வட்டுக்குப் போகத் தெரியாமல் வளர்ந்துகொண்டே இருந்தது. பழைய பதிப்பை இன்னும் ஓட்டுபவர்கள் மேம்படுத்த இது ஒன்றே போதிய காரணம்.

ரேம் தீர்ந்தால் என்ன ஆகும்? லினக்ஸ் தன்னைக் காத்துக்கொள்ள, அதிக நினைவகம் பிடித்திருக்கும் ஒரு செயலைக் கொன்றுவிடுகிறது. கொல்லப்பட்டது ஒரு பயனரின் இணைப்பு மட்டுமே என்றாலும், பகிரப்பட்ட நினைவகம் கெட்டிருக்கலாம் என்று போஸ்ட்கிரெஸ் கருதுகிறது. எனவே மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு மீட்புப் பணியில் இறங்குகிறது. ஒருவர் செய்த தேடலுக்காக, கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தவரும் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தவரும் வெளியேற்றப்படுகிறார்கள்.

பக்கம் தாமதமானால் நாம் மீண்டும் அழுத்துகிறோம். உலாவியை மூடினாலும் பழைய வினவல் பெரும்பாலும் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். இணைப்பு அறுந்ததை இடையிடையே சோதிக்கும் வசதி 14ஆம் பதிப்பில் வந்தது. ஆனால் நாமாக இயக்காவிட்டால் அது வேலை செய்யாது.

காப்பு எங்கே? முதல் வேலை நிரலில். முகவரியில் 'ஒரு பக்கத்துக்கு 20' என்பதை யாரும் பத்து லட்சமாக மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் தரவுத்தளம் மட்டுமன்று, பதிலை முழுவதுமாக ரேமில் வாங்கிக்கொள்ளும் பிஎச்பி அல்லது பைத்தான் நிரலும் விழும். ஒரு வரிசை 1 கேபி என்றால் பத்து லட்சம் வரிசைகள் ஏறத்தாழ 1 ஜிபி. மேல்வரம்பைச் சர்வர் பக்கத்திலேயே விதிக்க வேண்டும். உலாவியில் விதித்தால் போதாது.

வினவலுக்கு நேர வரம்பு வைப்பது அவசியம். இயல்பில் அந்த வரம்பே இல்லை. ஆனால் அது நேரத்தைத்தான் அளக்கும். ஐந்து விநாடிக்குள்ளும் ஒரு வினவல் ரேமை விழுங்கிவிடலாம். வொர்க் மெம்மைச் சிறியதாக வைத்துவிட்டோம் என்ற நிம்மதியும் முழுமையானதன்று. தரவுத்தளத்துக்குள் நேரடியாக வினவல் எழுத முடிந்த எந்தப் பயனரும் தன் அமர்வுக்கு அதை உயர்த்திக்கொள்ளலாம். தற்காலிகக் கோப்பு வரம்பு அப்படியன்று. அதை மாற்றத் தனி அதிகாரம் வேண்டும். அதுவும் இயல்பில் வரம்பின்றியே இருப்பதால் நாம்தான் விதிக்க வேண்டும், இல்லையெனில் ரேமுக்குப் பதில் வட்டு நிரம்பும்.

என் பார்வையில் மிக முக்கியமானது, லினக்ஸில் இருப்பதைவிட அதிகமாக நினைவகம் வாக்களிப்பதை நிறுத்தும் அமைப்பு. 'ஓவர்கமிட் மெமரி' மதிப்பை 2 ஆக்குமாறு போஸ்ட்கிரெஸ் ஆவணமே பரிந்துரைக்கிறது. அப்போது ரேம் போதாவிட்டால் பெரும்பாலும் அந்த ஒரு வினவலுக்கு மட்டும் பிழைச்செய்தி போகும். மற்றவர்கள் வேலையைத் தொடர்வார்கள். மைஎஸ்க்யூஎல் 8.0.28 முதல் பயனர் இணைப்புகளின் மொத்த நினைவகத்துக்கே வரம்பு விதிக்கும் வசதி இருக்கிறது.

எந்த வினவல் குற்றவாளி என்று அறிய, தற்காலிகக் கோப்புகளைப் பதிவேட்டில் எழுதும் 'லாக் டெம்ப் ஃபைல்ஸ்' அமைப்பை 0 ஆக்கி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். நாம் சந்தேகிக்காத ஏதோ ஒரு மாதாந்திர அறிக்கைதான் பெரும்பாலும் முதலில் வந்து நிற்கும்.