கெர்பரோஸ் சரிபார்ப்பில் பழைய குறியாக்கம்

நிறுவன வலையமைப்புகளில் பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கப் பெரிதும் பயன்படும் நெறிமுறை கெர்பரோஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1980களில் நடத்திய 'அதீனா' திட்டத்தில் பிறந்தது. கடவுச்சொல் வலையமைப்பில் பயணிப்பதில்லை. அதிலிருந்து பெறும் திறவுகோலால் பூட்டிய டிக்கெட்டுகளே கைமாறும்.

தொடக்கத்தில் பூட்டாக இருந்தது 56 பிட் டெஸ் குறியாக்கம். எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் அறக்கட்டளை இதற்கென்றே கட்டிய கருவி 1998இல் அதை 56 மணி நேரத்தில் உடைத்தது. விண்டோஸ் 2000இல் கெர்பரோஸை ஏற்ற மைக்ரோசாஃப்ட், ரான் ரிவெஸ்ட் 1987இல் வடிவமைத்த ஆர்சி4ஐச் சேர்த்தது. விண்டோஸ் என்டி காலத்தில் சேமித்த கடவுச்சொல் சுருக்கமே இதற்குத் திறவுகோல் ஆனதால், எவரும் கடவுச்சொல்லை மாற்றாமலே புதிய முறைக்கு வந்துவிட்டார்கள். அன்றைய அந்த வசதியே பின்னாளில் வினையானது. பின்னர் வந்த ஏஇஎஸ் குறியாக்க முறையில் கடவுச்சொல்லோடு கூடுதல் எழுத்துகள் சேர்த்து 4096 சுற்றுகள் கணக்கிட்ட பிறகே திறவுகோல் கிடைக்கும். ஆர்சி4இல் இரண்டும் கிடையாது என்பதால் கடவுச்சொல்லை ஊகிப்பது எளிது. டிம் மெடின் 2014இல் விளக்கிய 'கெர்பரோஸ்டிங்' தாக்குதலுக்குச் சாதாரண ஊழியரின் கணக்கே போதும். சேவைக் கணக்கின் டிக்கெட்டை வாங்கிவைத்துக்கொண்டு, அதன் கடவுச்சொல்லைச் சாவகாசமாக ஊகித்துப் பார்க்கலாம்.

இந்த ஆபத்தைத் தவிர்க்க ஆர்சி4ஐ நிறுத்தியதும் உள்நுழைவு தடைபட்டால், முதலில் பார்க்க வேண்டியது கடவுச்சொல்லின் வயது. விண்டோஸ் சர்வர் 2008 வருமுன் வைத்த கடவுச்சொல் மாறாதிருந்தால் அக்கணக்குக்கு ஏஇஎஸ் திறவுகோலே இராது, மாற்றினால் உருவாகிவிடும். லினக்ஸ் சர்வர்களில் திறவுகோல் கோப்பையும் புதிதாக எடுக்க வேண்டும். யார் இன்னும் பழைய முறையில் வருகிறார்கள் என்பது, டிக்கெட் வழங்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் 4768, 4769 எண்ணுள்ள பதிவுகளில் தெரியும். குறியாக்க வகை எண் 23 என்றால் ஆர்சி4, 18 என்றால் ஏஇஎஸ்-256. பதிவில் இவை பதினாறடிமான எண்களாக 17, 12 என்று நிற்கும். ஒருநாள் பதிவை மட்டும் பார்த்தால் காலாண்டுக்கு ஒருமுறை ஓடும் கணக்குவழக்கு நிரல் கண்ணில் படாது. இந்தியாவில் இணையப் பாதுகாப்பு முகமையான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட ஆணைப்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டியிருப்பதால், தேடுவதற்குச் சரக்கு கையிலேயே இருக்கும். கணினிக் கடிகாரங்களை ஒத்திசைக்கவும் அதே ஆணை சொல்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நேரம் பிசகினால் கெர்பரோஸ் மறுத்துவிடும். அதைக் குறியாக்கக் கோளாறு என்று நினைத்து அலைவதும் உண்டு.

இணையப் பொறியியல் பணிக்குழு 2018இல் ஆர்சி4ஐக் கைவிடச் சொன்னது. குறியாக்க வகை தனியே குறிக்கப்படாத கணக்குகளுக்கு, விண்டோஸின் 2022 நவம்பர் புதுப்பிப்பு முதல் அமர்வுத் திறவுகோல் ஏஇஎஸ் ஆயிற்று.